குறுக்கே வராத நாய்

2022 மார்ச் 14

பிசியோதெரபி பார்க்கிறவர் தினமும் செய்த பயிற்சியை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். என்னையே. ஊர்ப் பெண்பிள்ளைகளையெல்லாம் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, நேரம் குறித்து வைத்த பி.டி. டீச்சர் பியூலாவை. சரி, எழுதுகிறேன். இன்று: படுத்தபடி இடது காலைத் தூக்கினேன். கால் தூங்கிக்கொண்டே இருந்தது. பயிற்சி முடிந்தது.

பக்கத்தில் மீதி இடம் கிடப்பதால் இதையும் எழுதுகிறேன். போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு இருட்டும் நேரத்தில் நடந்து வரும்போது, பெட்ரோல் பங்க் வளைவில் தனசிங் தன் வெள்ளைக் காரை என் இடுப்பில் ஏற்றினான். எங்கள் சபைக் கமிட்டி மெம்பர், உப்பள காண்டிராக்டர் தனசிங். முன்பெல்லாம் அண்ணன் என்பேன். இனி அவன், இவன்தான். கதவைத் திறந்து இறங்கினவன் "டீச்சரா?" என்று கேட்டுவிட்டு என் மடியிலேயே விழுந்தான். பிராந்தி வாடை. அதற்கு மேல் கிராம்பு வாடை. வாயை மறைக்கக் கிராம்பு மெல்லத் தெரிந்த ஆளுக்கு, ரோட்டோரம் போகிற பொம்பளை தெரியவில்லை. பங்க்கில் வேலை பார்க்கிற இரண்டு பேர்தான் என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மார்ச் 17

என் தம்பி செல்வின் ஸ்டேஷனிலிருந்து எப்.ஐ.ஆர். நகல் வாங்கி வந்தான். வாசித்தேன். காரின் குறுக்கே ஒரு செவலை நாய் வந்ததாம். நாயைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பினபோது பாதசாரி மீது எதிர்பாராமல் பட்டுவிட்டதாம். பட்டுவிட்டதாம்! பூ பட்டது மாதிரி.

அந்த ரோட்டில் நாய் இல்லை. காக்கா கூட இல்லை. அவனுக்கு இரத்தம் எடுத்தது மறுநாள் மத்தியானம். அதற்குள் எத்தனை இளநீர் உள்ளே இறங்கியதோ. இரத்தம் பன்னீர் மாதிரி சுத்தமாக இருந்திருக்கிறது. பங்க் ஆட்கள் இரண்டு பேரும் வாடை எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பங்க் முதலாளி தனசிங்குக்குச் சொந்தம். ஆக, இந்த உலகத்தில் அந்த வாடையைப் பிடித்த மூக்கு என்னுடையது ஒன்றுதான்.

மார்ச் 20, ஞாயிறு

கோயில் மணி அடித்தது. படுத்தே கேட்டேன்.

எப்சிபா இன்றும் வரவில்லை. தனசிங்கின் மனைவி. நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், கோயில் பாடகர் குழுவான கொயரில், கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோ வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சின்ன வயதிலிருந்து கோயிலுக்குச் சேர்ந்தேதான் நடந்து போவோம். கார் வந்த பிறகு மகாராணிக்கு அரை பர்லாங்குக்கும் கார் வேண்டும். என்னைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கிக் கையாட்டுவாள். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். சாத்துக்குடியை வைத்தாள், அழுதாள், போனாள். வராவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

கால் தூக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

மழை. கேஸ் தீர்ந்தது. ரசம் பாதியில் நின்றது.

ஏப்ரல் 19

வக்கீல் சங்கரநயினார் வீட்டுக்கே வந்தார். நஷ்டஈட்டு வழக்கு போடுவதில் கெட்டிக்காரர் என்று செல்வின் பிடித்து வந்திருக்கிறான். நான் பிராந்தியையும் கிராம்பையும் சொல்லத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், வாடையெல்லாம் கோர்ட்டுக்கு வேண்டாம். குடின்னு ஒரு வார்த்தை விழுந்தா இன்சூரன்ஸ்காரன் கைய ஒதறிருவான். அப்புறம் வண்டிச் சொந்தக்காரங்க தலையிலதான் விடியும். அவங்ககிட்ட வாங்குததுக்குள்ள ஒங்க பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிரும்."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் காப்பியைக் குடித்தார்.

அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. டாக்டர் சொல்லிவிட்டார், இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும். முதல் ஆபரேஷனுக்கே செல்வின் வீட்டை அடகு வைத்துவிட்டான். நஷ்டஈடு வந்தால்தான் இரண்டாவது ஆபரேஷன். அது நடந்தால்தான் நான் மறுபடி மைதானத்தில் நிற்பேன். நாயை ஒத்துக்கொண்டால் எல்லாம் சீக்கிரம் வருமாம். உடைந்தது என் இடுப்பு, பொய்யும் நான்தான் சொல்ல வேண்டும். நல்ல நியாயம்.

ஏப்ரல் 27

மனுவில் கையெழுத்துப் போட்டேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் எப்சிபா என்று இருந்தது. கார் அவள் பேரிலாம். வருமான வரிக்காக அப்படி வாங்கினானாம். குடிக்க அவன், கையெழுத்துக்கு அவள்.

ஆல்ட்டோ எதிர் ஆல்ட்டோ. ஊர் சிரிக்கட்டும்.

ஜூன் 11

ஐயர் வந்தார். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆப்பிளும் ஜெபமும் கொண்டுவந்தார். ஜெபம் நீளம், ஆப்பிள் மாவு மாதிரி. நடந்தது சாத்தானின் சோதனை, சபைக்குள் கசப்பு வேண்டாம், தனசிங் மனமுடைந்து போயிருக்கிறார் என்றெல்லாம் சொன்னார். மனம் உடைந்தால் மாவுக்கட்டு போட வேண்டாம் பாருங்கள். அவர் குடித்திருந்தார் ஐயா என்று நான் சொன்னபோது, ஜன்னல் வழியாக என் முருங்கை மரத்தைப் பார்த்து, காய் நன்றாகப் பிடித்திருக்கிறதே என்றார்.

ஆக நாய்க்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. ஸ்டேஷனில் நாய், சபையில் சாத்தான்.

எனக்கு வேண்டியது என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, என் முன்னால் சொல்ல வேண்டும்: அவன் குடித்திருந்தான். அதைச் சொல்லிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போகட்டும். மாவாக இருந்தாலும் தின்கிறேன்.

ஆகஸ்ட் 5

பீரோவில் விசில் கிடைத்தது. ஊதவில்லை.

ஆகஸ்ட் 9

எதிர்வீட்டு ஆடு கறிவேப்பிலைக் கன்றைக் கடித்தது. எழுந்து விரட்ட முடியவில்லை. விசிலை எடுத்து ஊதினேன். ஆடு அப்படியே நின்றுவிட்டது. இந்த ஊரில் என் சொல் கேட்கிற ஒரே ஜீவன்.

வாக்கர் பிடித்து சமையலறை வரை போனேன். திரும்பி வரச் செல்வினைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

நவம்பர் 22

தனசிங் தரப்பிலிருந்து பதில் மனு வந்திருக்கிறது. நாய் கறுப்பாகிவிட்டது. எப்.ஐ.ஆரில் செவலை. வெயிலில் அலைந்ததில் கறுத்திருக்கும்.

பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் வந்தது. மைதானத்துக்குப் புது டீச்சர் போட்டிருக்கிறார்களாம், நான் வேண்டுமானால் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாமாம். புத்தகங்கள் ஓடாது, இவளால் பிடித்துவிட முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். கதவு சாத்தியதும் அழுதேன். எழுதித் தொலைக்கிறேன்: அழுதேன்.

2023 ஜனவரி 20

இதை நிதானமாக எழுத வேண்டும். சிரித்துச் சிரித்து எழுத்து கோணுகிறது.

கோயில் மைதானத்தில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் வந்திருக்கிறார். சபையே யூடியூபில் நேரடியாகப் போடுகிறது. கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே போனில் பார்த்தேன். பிரசங்கம் முடிந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல யாராவது மேடைக்கு வரலாம் என்றார்கள். வெள்ளைச் சட்டையும் கண்ணீருமாக ஏறினான் தனசிங்.

தான் பெரும் குடிகாரனாக இருந்தானாம். ஒருநாள் முழுப் பாட்டிலையும் காலி பண்ணிவிட்டு, ரோடு இரண்டாகத் தெரிகிற நிலையில் கார் ஓட்டினானாம். ஒரு ஏழைச் சகோதரி மேல் ஏற்றிவிட்டானாம். அந்த நேரத்தில் வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். உடனே அந்தச் சகோதரியைத் தன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினானாம். அன்றோடு குடி போயிற்றாம். ஜனங்கள் கையைத் தூக்கி அல்லேலூயா என்றார்கள். பிரசங்கியார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு ஓடினானா? என் மடியில் குறட்டை விட்டவன்! ஏழையா? நானா? என் பேரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. அந்த வெளிச்சம் பெட்ரோல் பங்க் போர்டு.

ஆனாலும் சொல்லிவிட்டான். பதினோரு மாதமாக நான் எதை யார் வாயிலிருந்தாவது கேட்க மாட்டேனா என்று கிடந்தேனோ, அது அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதுவும் கைதட்டலோடு. நாய் எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 21

காலையில் மறுபடி பார்க்கலாம் என்று தேடினேன். வீடியோவை எடுத்துவிட்டார்கள். அவனுடைய வக்கீல் ராத்திரியோடு ராத்திரியாக ஐயருக்குப் போன் போட்டிருப்பார். கூட்டத்துக்குப் போன நாலு பேரிடம் செல்வினைக் கேட்கச் சொன்னேன். தனசிங் என்ன சொன்னார் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம். ஒருத்தி, அந்த நேரம் தூங்கிவிட்டேன் என்றாளாம். அந்தச் சத்தத்தில்!

ஜனவரி 23

எப்சிபா நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. தனசிங் மேடையில் பேசினது முழுசும். கொயர் வரிசையிலிருந்து எடுத்தது. அவள் பக்கத்தில் என் நாற்காலி தெரிகிறது. காலியாகத்தான் இருக்கிறது, அவள் கைப்பையை வைத்திருக்கிறாள்.

கூட ஒரு எழுத்துக்கூட இல்லை. கை தவறி வந்திருக்கும். அவளுக்குப் போனைப் பிடிக்கவே தெரியாது.

பிப்ரவரி 6

சங்கரநயினாரிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, நுணலும் தன் வாயால் கெடும் என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இதை அழித்துவிடுங்கள் என்றார். இது இன்சூரன்ஸ்காரன் கையில் கிடைத்தால் அவனுக்குத்தான் தீபாவளி. செல்வினும் அதையே சொன்னான். அடகு வைத்த வீட்டில் உட்கார்ந்து சொல்கிறான், அவனைக் குறை சொல்ல முடியாது. எதிராளி மறைக்கிறான், சபை மறைக்கிறது, என் வக்கீலும் மறைக்கச் சொல்கிறார். இத்தனை பேர் சேர்ந்து சோற்றுக்குள் அமுக்கினால் எந்தப் பூசணிக்காய்தான் வெளியே தெரியும்.

அழிக்கவில்லை. யோசிக்கிறேன் என்றேன். காலைப் பக்கவாட்டில் நீட்டும் பயிற்சி செய்தேன், வலித்தது.

ஜூலை 12

நாளைக்குக் கோர்ட்டில் நான் கூண்டில் ஏற வேண்டும். சங்கரநயினார் போனில் பாடம் எடுத்தார். ஓட்டுநர் குடித்திருந்தாரா என்று கேட்டால், தெரியாது. அவ்வளவுதான் பாடம். நான் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். எவளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

தனசிங்கைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனால் கார் எப்சிபா பேரில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அவள் தலையில் விழும். திறக்காவிட்டால் என் இடுப்பு தானாகவே உடைந்தது என்று ஆகும். அவளுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவளும் திருப்பிக் கூப்பிடவில்லை. வீடியோவை மறுபடி பார்த்தேன். கை தவறி அனுப்புகிறவள் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஆடாமல் அசையாமல் எடுத்திருக்கிறாள்.

ஜூலை 13

சொல்லிவிட்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சின்னப் பெண். எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டாள். பின்னால் சங்கரநயினார் தொண்டையைக் கனைத்தார்.

"குடிச்சிருந்தான். பிராந்தி. மேல கிராம்பு."

"எப்படித் தெரியும்?"

"எம் மடியிலதான விழுந்தான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு விஷயமும் இருக்கிறது ஐயா, அவரே சொன்ன வீடியோ என்றேன். கடைசி வரிசையில் எப்சிபா உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை.

வராண்டாவில் சங்கரநயினார் கத்தினார், ஒங்க கேச நீங்களே கெடுத்துட்டீங்களே டீச்சர் என்று. கேஸும் என்னது, இடுப்பும் என்னது என்றேன். செல்வின் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தான். இறங்கும்போது வாக்கரை எடுத்துக் கொடுத்து, "நீ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சுக்கா," என்றான்.

செப்டம்பர் 26

வீடியோவைக் கோர்ட்டில் ஏற்றுக்கொள்ள ஏதோ சான்றிதழ் வேண்டும் என்றார்கள். செல்வின் அதற்கு அலைந்து முடித்தான். இன்று தனசிங் முறை.

கடவுள் அறிய உண்மையைச் சொல்கிறேன் என்று தொடங்கினான். குடிக்கவில்லை என்றான். கறுப்பு நாய் என்றான். அந்தச் சின்னப் பெண் வீடியோவைப் போட்டாள். கோர்ட் ஹாலில் அல்லேலூயா கேட்டது. வேறு வழக்குக்கு வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"இது நீங்கதானே?" என்று கேட்டாள்.

"நான்தான்மா."

"முழுப் பாட்டில் குடிச்சேன்னு சொல்றீங்களே?"

அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அது... ஜனங்க மனசத் தொடணும்னு கொஞ்சம் கூட்டிச் சொன்னதும்மா."

நீதிபதி குனிந்து கேட்டார். "அப்ப மேடையில சொன்னது பொய்யா?"

தனசிங் அவரைப் பார்த்தான். பிறகு எங்கள் ஐயரைப் பார்த்தான். ஐயர் ஆறுதலுக்கு வந்திருந்தார், கதவு பக்கம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தான்.

"கோர்ட்டுக்குப் பொய்தான்யா," என்றான்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அடக்கவே இல்லை. டவாலி அதட்டினார்.

அக்டோபர் 8, ஞாயிறு

தனசிங்கைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சபையே கொதிக்கிறதாம். எதற்கு? மேடையில் பொய் சொன்னதற்கு. வெளியூர்ப் பிரசங்கியாருக்கு அவமானமாம். என் இடுப்பு உடைந்ததற்கு ஒரு கமிட்டி கூடவில்லை. அல்லேலூயா வீணாய்ப் போனதற்கு மூன்று கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். மேடையில் அவன் சொன்னதில் கலப்படம் இல்லாத உண்மை குடி மட்டும்தான். அதை மட்டும் பொய் என்று தள்ளிவிட்டு, வெளிச்சத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினதையும் அப்படியே விட்டுவிட்டான்.

முருங்கைக்காய் சாம்பார். வாக்கரோடு வாசல் வரை போய் வந்தேன். தனியாகவே.

2024 பிப்ரவரி 8

தீர்ப்பு. ஆங்கிலத்தில் வாசித்தார்கள். சங்கரநயினார் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நாய் எதுவும் குறுக்கே வந்ததாக நிரூபிக்கப்படவில்லை. பாவம், அந்த நாய்க்கு விடுதலை. ஓட்டுநர் மதுபோதையில் இருந்தார் என்று இந்த மன்றம் முடிவு செய்கிறது.

மறுபடி சொல்லுங்க என்றேன். அவர் மறுபடி சொன்னார். முறைத்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

கம்பெனி முதலில் எனக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கார் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமாம். செல்வின் தொகையைக் காதில் சொன்னான். வீட்டை மீட்டு ஆபரேஷனும் செய்யலாம் என்றான். நல்லது என்றேன். கடைசி வரிசையில் எப்சிபா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கழுத்தில் எனக்கு ஒன்றும் அடிபடவில்லை.

பிப்ரவரி 29

ஆபரேஷனுக்கு ஏப்ரலில் நாள் கொடுத்திருக்கிறார்கள். புளி தீர்ந்துவிட்டது.

எப்சிபாவிடமிருந்து ஒன்றும் இல்லை. இனி வரமாட்டாள். நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் பிள்ளைகள் ஓலையைக் கத்தி மாதிரி சுழற்றிக்கொண்டு போனார்கள். கோடு தாண்டாமல் நடங்கட்டி என்று வாய்வரை வந்தது. ஐயர் என்னைக் கண்டு ஓலையை அசைத்தார். நானும் தலையை அசைத்தேன், அதற்கு மேல் இல்லை. பின்னால் கொயர் ஓசன்னா பாடிக்கொண்டு வந்தது. ஆல்ட்டோ பலவீனமாக இருந்தது. இருக்காதா பின்னே.

வரிசையிலிருந்து ஒருத்தி விலகி என் கேட்டுக்கு வந்தாள். செருப்பெல்லாம் புழுதி. எப்சிபா. இரண்டு ஓலை வைத்திருந்தாள், ஒன்றை என் வாக்கரில் செருகினாள்.

"கார வித்தாச்சுட்டி," என்றாள். "கம்பெனிக்குக் கட்டணும்லா. மிச்சத்துக்குப் பெறகு வழி பாக்கணும்."

இரண்டு வருடமாக ஊரையெல்லாம் ஏசிக்கொண்டிருந்த வாய் இது. கடைசியில் ஒன்றுதான் கேட்க வந்தது.

"அந்த வீடியோ கை தவறித்தான வந்துச்சு?"

"எந்த வீடியோ?" என்றாள் எப்சிபா. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிறகு கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வா, போவோம். முந்தி ஒன் நடைக்கு என்னால ஈடு குடுக்க முடியல. அதாம்ட்டி கார்ல ஏறுனேன். இப்ப சரியா இருக்கும்."

நான் மெதுவாக வாக்கரை எடுத்து வைத்தேன். அவளும் ஒரு எட்டு வைத்து நின்றாள். ஓசன்னா திருப்பத்தில் போய் மறைந்துவிட்டது. நாங்கள் இன்னும் ரேஷன் கடையைத் தாண்டவில்லை.